ஆறு பிளவுஸ் பிட், ஒரு பாவாடை

புனேயில் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை தையல் ஊசி வாங்க முடியாது. மருந்து கிடைக்கும், வடாபாவ் கிடைக்கும், விமான் நகர்ப் பக்கம் போனால் வாயில் நுழையாத பெயருள்ள காப்பிகூடக் கிடைக்கும். ஊசி, நூல், துணி, பொத்தான் விற்பவர்கள் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். இந்த ஊருக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. அம்பாசமுத்திரத்தில் கடைக்காரர் சாப்பிட எழுந்தால் கல்லாவில் மச்சானையாவது உட்கார வைத்துவிட்டுத்தான் எழுவார். வாசலில் ஆள் நிற்கும்போது கதவை இழுத்துச் சாத்துவது அங்கே துக்க நாளில் மட்டும் நடக்கும். இங்கே போபோடியில், ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் மூச்சிரைக்க வந்து நின்றபோது, துணிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மூன்று மீட்டர் காட்டன் துணியும் ஒரு மெஷின் ஊசியும் கேட்டேன். "சார் வாஜ்தா, அண்ணா" என்றார். நான்கு மணிக்கு வா என்று அர்த்தம். தெற்கிலிருந்து வந்த ஆண்கள் எல்லோரும் இந்த ஊருக்கு அண்ணாதான், இட்லிக் கடை வைத்திருந்தாலும் சரி, வைத்திராவிட்டாலும் சரி. அவசரம் என்றேன். "அவசரம்னா காலையிலயே வந்திருக்கலாமே" என்று இந்தியில் ஆறுதல் சொல்லிவிட்டு மீதிப் பாதியையும் இறக்கினார்.

அவசரத்தின் பெயர் பாவாடை. என் மனைவி செண்பகத்துக்கு ஒரு பாவாடை வேண்டும், அதை நான் தைக்க வேண்டும். கட்கியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் காகிதங்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்தி வயிறு வளர்க்கிறவன் நான். வயது ஐம்பத்து மூன்று. சட்டையில் பொத்தான் அறுந்தால் சட்டைக்கே ஓய்வு கொடுத்துவிடுகிற ரகம். வீட்டில் உருப்படியாகத் தைக்கத் தெரிந்தவள் செண்பகம் மட்டும்தான். ஆனால் எங்கள் மெஷின் காலால் மிதிப்பது, அவளுடைய காலோ அப்போது மிதிக்கிற நிலையில் இல்லை.

நவம்பரில், குளிர் தொடங்கிய வாரம், பரணிலிருந்து கம்பளிகளை இறக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. எனக்கு ஒரு போன் வந்தது. அந்தப் போனில் யார் பேசினார், என்ன பேசினார் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை, அவ்வளவு முக்கியமான அழைப்பு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, டாக்டர் காலுக்கு வெளியே எஃகு வளையங்களை வைத்துக் கம்பிகளால் முறுக்கிவிட்டார். அந்தக் கம்பிகளைத் தாண்டிச் சல்வார் ஏறாது. புடவைக் கொசுவமும் வாக்கரின் கால்களும் ஒத்துப்போகா என்று டாக்டரே தடை போட்டுவிட்டார். மிஞ்சியது நைட்டி. நைட்டியோடு அவள் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்ட மாட்டாள். உள்பாவாடை இருக்கிறதே என்று யோசிக்கும் ஆண்கள், அதோடு வெளியே போகச் சொல்லி உங்கள் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

வெளியே போயே ஆக வேண்டிய கட்டாயம் என்ன என்றால், அது சுலபா வஹினி. எங்கள் கட்டடத்துக்கு மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. நாங்கள் இரண்டாம் மாடி, வஹினி எங்களுக்கு நேர் கீழே தரைத்தளம். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. அவருக்கு முழங்கால்கள் இரண்டும் போய் இரண்டு வருடமாகிறது, மாடி ஏற முடியாது. செண்பகத்தால் இறங்க முடியாது. ஆகவே இரண்டு மாதமாக இருவரும் பால்கனி வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து அவல் போஹாவும் எள் போட்ட தில் லட்டும் கயிறு கட்டிய பையில் ஏறி வரும், மேலேயிருந்து அடையும் மிளகாய்ப் பொடியும் இறங்கிப் போகும். ஆனால் இரண்டாம் மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் கீழே நிற்பவரின் முகம் தெரியாது. இரண்டு மாதமாக அவள் பார்த்தது வஹினியின் வகிடு மட்டும். இப்போது வஹினியும் அவர் கணவரும் மகனோடு இருக்க ஊரையே விட்டுப் போகிறார்கள். வீட்டை விற்றாகிவிட்டது. ஞாயிறு காலை கார். அதற்கு முதல் நாள் மாலை, இந்த வீட்டில் வஹினி வைக்கும் கடைசி ஹல்தி குங்கு. சங்கராந்தி சமயத்தில் பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கும் விசேஷம் அது. அவர்கள் போகும் ஊர் சென்னை.

"ஒருநா கீழ போயிட்டு வந்துட்டா போதும்" என்றாள் செண்பகம். "அவங்க போன பொறவு இந்தக் கால் சரியாகி எனக்கு என்ன ஆகப்போவுது?"

"சேர்ல உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போறேன். வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடிப்பான்."

"ஆஸ்பத்திரிக்குப் போகயில தூக்குனீயளே, அதுவே போதும். மாடிக்கு மாடி நின்னு, இடப்பக்கம் சாயுது, வலப்பக்கம் சாயுதுன்னு பீரோ இறக்குறாப்புல யோசன சொன்னாங்க."

படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குவதற்குப் பிசியோதெரபிப் பயிற்சியாளர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். முப்பத்தாறு படிகள். அப்படி இறங்க அகலமான, கணுக்காலுக்கு மேலே நிற்கிற ஒரு பாவாடை வேண்டும். இணையத்தில் வரவழைத்த ஒன்று எல்லா அளவினருக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டு வந்து, அவளுடைய ஒரு காலுக்குப் பொருந்தியது. தையற்காரர் சங்கராந்தி கழியட்டும் என்றார்.

"நைட்டியோட போனா என்ன? நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கே நைட்டியோடதான் வாராங்க" என்றேன்.

"வாரவங்க வரட்டும். நான் வஹினி முன்னால நைட்டியோட நின்னது ஒருதடவ போதும்."

அந்த ஒரு தடவை நடந்தபோது நானும் இருந்தேன். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள். செண்பகத்துக்கு அப்போது இந்தியில் தெரிந்த சொற்கள் பானி, கித்னா இரண்டும்தான். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்பாள், எவ்வளவு என்று விசாரிப்பாள், அதற்கு மேல் உலகத்தோடு அவளுக்கு உறவில்லை. கதவு தட்டப்பட்டது. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு திறந்தாள், ஊரில் பால்காரருக்குத் திறப்பது போல. வாசலில் பட்டுப்புடவையும் மூக்குத்தியுமாக ஒரு பெண், கையில் தட்டு. தட்டில் அரிசி, தேங்காய், வெற்றிலை, மடித்த ரவிக்கைத் துணி. புதிதாக வந்த சுமங்கலிக்கு ஓட்டி நிரப்ப வந்திருந்தார். புடவை முந்தானையை விரித்துப் பிடிக்க, அதில் அரிசியும் தேங்காயும் இடுவது இங்கே வழக்கம். செண்பகத்துக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் முந்தானைக்கு எங்கே போவது? அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து "கித்னா?" என்று கேட்டுவிட்டாள்.

வஹினி சிரிக்கவில்லை, அதுதான் செண்பகத்தை அதிகம் உறுத்தியது. அவளுடைய தோளிலிருந்த துண்டை எடுத்து, இரண்டு முனைகளையும் அவள் கையில் கொடுத்து, விரித்துப் பிடிக்க வைத்து, தலை துவட்டிய அந்த ஈரத் துண்டில் ஐந்து கை அரிசி இட்டார். பிறகு அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுத் தன் வீட்டைக் கை காட்டிவிட்டு இறங்கிப் போனார். அதன்பின் இருபத்து மூன்று வருடம். அவளுக்கு இந்தியும் மராத்தியும் வந்தன. எங்கள் மகள் வஹினியின் சமையலறையில் சோள மாவுப் பாக்ரி தின்று வளர்ந்தாள், இன்று ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். செண்பகம் என்ற பெயர் வஹினியின் வாயில் சம்பா ஆகி, கட்டடம் முழுக்க அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் நைட்டியோடு மறுபடி அவர் முன்னால் நிற்பதில்லை என்ற வைராக்கியம் மட்டும் குறையவில்லை.

இனி கடை மூடியிருந்த அந்த மதியத்துக்கு வருகிறேன். நான்கு மணி வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வீட்டுக்கு வந்தேன். செண்பகம் வலி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷின் இழுப்பறையில் ஊசி கிடைத்தது. துணிக்காகப் பீரோவைத் திறந்தபோது, கீழ்த்தட்டில் ஒரு பை நிறைய ரவிக்கைத் துணிகள், வீட்டுப் பேச்சில் பிளவுஸ் பிட். நாற்பது இருக்கும். எல்லாம் புத்தம் புதிது. இத்தனை துணியை வீட்டில் வைத்துக்கொண்டு மூடிய ஷட்டரிடம் போய்க் கெஞ்சினோமே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிளவுஸ் பிட்டின் இலக்கணம் பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்காகச் சொல்கிறேன். அது தைப்பதற்கானது அல்ல. கொலுவுக்கு வந்தவர்களுக்கு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம், ஓட்டியில் இடுவது இவர்கள் வழக்கம். இரண்டு வழக்கமும் சந்திக்கிற புனேத் தமிழ் வீட்டில் பிளவுஸ் பிட் வந்துகொண்டே இருக்கும், போய்க்கொண்டும் இருக்கும். மடிப்புக் கலையாமல் ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்குப் பயணம் செய்வதே அதன் தொழில். அதில் ஒரே ஒரு விதி, கொடுத்தவருக்கே திரும்பக் கொடுத்துவிடக் கூடாது. அதற்காகச் செண்பகம் ஒவ்வொரு துணியிலும் யார் கொடுத்தது என்று எழுதி ஒரு சின்னச் சீட்டைக் குத்தி வைத்திருந்தாள். நான் அவற்றைக் கடைக்காரர் குத்திய விலைச் சீட்டு என்று நினைத்தேன். நல்ல நிறமாக ஆறு பொறுக்குவதற்காக நாற்பதையும் பிரித்தேன், ஊசி குத்துமே என்ற அக்கறையில் நாற்பது சீட்டுகளையும் கழற்றிக் குப்பைப் பையில் போட்டேன், அந்தப் பையைக் கீழே வந்திருந்த குப்பை வண்டியிலும் போட்டுவிட்டு வந்தேன். அவ்வளவு சுறுசுறுப்பாக நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

ஆறு துணிகள். ஜரிகைக் கரை போட்ட பச்சை, மஞ்சள், வெள்ளைப் புள்ளி வைத்த நீலம், ஆரஞ்சு, காப்பி நிறக் கட்டம், மெரூன். ஏழு நிமிடத்தில் பாவாடை தைப்பது எப்படி என்று ஒரு பெண்மணி கைப்பேசியில் காட்டினார். இடுப்புக்குக் குறுகலாகவும் கீழே அகலமாகவும் ஆறு பட்டை வெட்ட வேண்டும், பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும், மேலே மடித்து நாடா கோக்க வேண்டும், கீழே மடித்து அடிக்க வேண்டும். செண்பகம் விழித்தபோது நான் ஆறையும் வெட்டி முடித்து, தரையில் விசிறி போலப் பரப்பி, பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இது என்ன?"

"பாவாடை."

"எந்தத் துணி?" என்று கேட்டவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஐயையோ, இதுல இருந்த சீட்டெல்லாம் எங்க?"

"விலைச் சீட்டா?"

"விலைச் சீட்டா!" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு தரையில் கிடந்த பட்டைகளைக் கண்ணாலேயே ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்தாறு வருட இல்லறத்தில் நான் கற்றுக்கொண்டது, அவள் இப்படி எண்ணும்போது குறுக்கே பேசக் கூடாது என்பதுதான். "கூறு இருக்கா உங்களுக்கு? அவங்கவங்க மங்கலமா வச்சுக் குடுத்தத வெட்டித் தச்சு இடுப்புல கட்டிக்கிட்டு, அவங்க நடுவுலயே போயி நான் உக்காரணுமா?"

"நாலு மணிக்குக் கடை திறந்துருவான். வேற துணி வாங்கிட்டு வரேன். இதைத் தூக்கிப் போட்டுரலாம்."

"வெட்டுனதும் இல்லாம தூக்கிப் போடவும் செய்யணுமா? அது அதைவிடப் பாவம்." வாக்கரின் காலால் ஒரு பட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். "தைங்க. போட்டுக்கிட்டே போறேன். கேட்டா உங்க பேரத்தான் சொல்லுவேன்."

தைத்தேன். அவள் திவானில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கட்டளையிட்டாள், நான் மெஷினில் உட்கார்ந்து கீழ்ப்படிந்தேன். அலுவலகத்தில் செய்வதுதான், ஆனால் அங்கே மேலதிகாரிக்கு வேலை தெரியாது.

"சக்கரத்த உங்க பக்கமாச் சுத்துங்க."

"என் பக்கம்தான் சுத்துறேன்."

"அது சுவத்துப் பக்கம். நூல் அந்து போச்சு பாருங்க. மெதுவா மிதிங்க, அதுல ஏறி லோஹேகாவ் ஏர்போர்ட் வரைக்குமா போகப் போறீய?"

ஒரு பட்டையைத் தலைகீழாக, அகலப் பக்கம் இடுப்புக்கு வருவது போலச் சேர்த்தேன். "பிரிங்க" என்றாள். பிரித்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதியது அன்றுதான் முதன்முறையாக உண்மை. நாடாவை ஊக்கில் குத்திப் பட்டிக்குள் விட்டபோது ஊக்கு நடுவழியில் கழன்றுகொண்டது, அதை வெளியே தள்ளிக் கொண்டுவருவதற்குள் மாலையாகிவிட்டது. கடைசியாகக் கீழ் விளிம்பு. மூன்று மீட்டர் சுற்று. நேராகத் தைப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு தைத்தேன். முடித்து விரித்துப் பார்த்தபோது, தையல் போபோடிச் சந்துகளைப் போல ஏதேதோ காரணங்களுக்காக வளைந்து போயிருந்தது. ஆனால் கம்பிகளுக்கு மேலே பாவாடை தாராளமாக இறங்கியது. நாடாவை முடிந்துகொண்டு, வாக்கரைப் பிடித்து எழுந்து, பீரோக் கண்ணாடி முன் நின்றாள். "கோயில் குடை மாதிரி இருக்கேன்" என்றாள். கழற்றச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை, மேலே ஒரு குர்த்தாவும் துப்பட்டாவும், கீழே என் பாவாடையுமாக இறங்கத் தொடங்கினாள். நான் காலையிலேயே படிகளைக் கூட்டித் துடைத்திருந்தேன். வாக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி கீழே நான், கம்பிக் காலை முன்னால் நீட்டி, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து அவள். யாரும் யோசனை சொல்ல வரவில்லை, பெண்கள் எல்லோரும் கீழேதான் இருந்தார்கள். முதல் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பிடிக்கப் போனேன். "ஸ்டூலப் பிடிச்சாப்புலயா?" என்று கேட்டாள். கையை எடுத்துக்கொண்டேன். அதன்பின் அவளாகவே, சரி, கூடவே எறங்குங்க என்று என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

வஹினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முகத்துக்கு நேராகப் பார்த்தார்கள். நான் கண்ணீரை எதிர்பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எவ்வளவு இளைச்சுட்ட சம்பா" என்றார் வஹினி மராத்தியில்.

"நீங்க தலைக்கு மை போடுறத விட்டுட்டீங்க. மேலயிருந்து பார்த்தாத் தெரியுது" என்றாள் இவள் அதே மராத்தியில்.

ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. வஹினியின் கணவரும் நானும் வெளி நடையில், கட்டி அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவர் அதிகம் பேசாதவர். அன்று கேள்விகள் வைத்திருந்தார். "உங்க ஊர்ல பாக்ரிக்குச் சோள மாவு கிடைக்குமா, அண்ணா?" என்று தொடங்கினார். உங்கள் ஊர் என்றால் சென்னை. என் ஊருக்கும் சென்னைக்கும் ஒரு இரவு ரயில் தூரம். சென்னையில் எனக்குத் தெரிந்தது ஒரு ரயில் நிலையத்திலிருந்து இன்னொரு ரயில் நிலையத்துக்குப் போகும் வழி மட்டும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கிடைக்கும் என்றேன். காலையில் நடக்கப் பூங்கா இருக்குமா என்றார். நிறைய என்றேன். மராத்திப் பேப்பர் வருமா என்றார். வரும், ஒரு நாள் தாமதமாக என்றேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. "அக்கம்பக்கத்துல பேசுவாங்களா?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் பொய் தயாராக இல்லை. "வஹினி பேசுவாங்களே" என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

உள்ளே செண்பகத்தை நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஆகவே பாவாடை கண்காட்சித் துணி போல விரிந்து கிடந்தது. முதலில் கண்டுபிடித்தது மூன்றாம் மாடி ஷிந்தே பாபி. பாபி என்றால் இந்தியில் அண்ணி.

"அடி, இந்தப் பச்சை நான் குடுத்தது! சம்பா, நீ தச்சுட்டியா?"

"இவர் தைச்சார்" என்று செண்பகம் வாசலைக் கை காட்டினாள். பத்துத் தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. இடுப்பைச் சுற்றி நானே அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டிருப்பது போல உணர்ந்தேன்.

"மஞ்சள் என்னோடது" என்றார் எதிர்வரிசை ஜோஷி காக்கூ. காக்கூ என்றால் சித்தி, கட்டடத்துக்கே மூத்தவர். அப்போது ஷிந்தே பாபியின் விரல் நீலத்தின் மேல் நின்றது. "இதுவும் என்னோடதாச்சே. ஆனா இதை நான் சம்பாவுக்குக் குடுக்கலையே. காக்கூ, உங்களுக்கில்ல குடுத்தேன்?"

பிளவுஸ் பிட்டுகள் ஊர் சுற்றுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதை யாரும் சொல்லாமல் இருப்பதில்தான் ஒரு கட்டடத்தின் அமைதி இருக்கிறது. சீட்டுகளைக் குப்பையில் போட்ட ஒரு மடையன் அதை வெட்டி விரித்து, அதன்மேல் விளக்கையும் போட்டுவிட்டான். காக்கூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நீலம் எனக்குப் பொருந்துமா, நீயே சொல்லு" என்றார் நிதானமாக. முதலில் சிரித்தது வஹினி. அப்புறம் யாரை யார் அடக்குவது? ஆரஞ்சு நான்கு வீடு ஏறி இறங்கியது தெரியவந்தது. காப்பி நிறக் கட்டம் ஒருமுறை கொடுத்தவர் வீட்டுக்கே போய், அவரும் அடையாளம் தெரியாமல் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

"அப்ப இந்த மெரூன் யாரோடது?" என்றார் ஷிந்தே பாபி. யாரும் உரிமை கோரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஆறு துணியில் எனக்கு அடையாளம் தெரிந்தது அந்த ஒன்றுதான். "அது நாங்க ஊர்ல வாங்கினது!" என்று வாசலிலிருந்து கத்தினேன். "அம்பாசமுத்திரத்துல. நான்தான் வாங்கினேன், கல்யாணமான புதுசுல!"

செண்பகம் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ பெரியதை உடைத்துவிட்டது புரிந்தது. என்னவென்று புரியவில்லை. வஹினி குனிந்து அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலால் நெசவைத் தடவினார்.

"இதை எனக்குக் குடுத்த நீ" என்றார். "உங்க வீட்டு முதல் கொலுவுக்கு. உன் கையால வாங்கின முதல் துணி இதுதான்." பிறகு மெதுவாக, "நான் யாருக்குக் குடுத்தேன்? உன்கிட்ட எப்படி வந்தது?"

"மூணு வருஷம் கழிச்சு வந்தது. யார் குடுத்தாங்கங்கிறது இப்ப எதுக்கு?"

"உனக்குத் தெரிஞ்சுதா, அப்பவே?"

"தெரிஞ்சுது."

"இருபது வருஷமா ஒண்ணும் சொல்லலியே."

"என்னத்தச் சொல்ல? அந்த நிறம் எனக்கும் பிடிக்கல. அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன்."

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். வஹினி மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப உன்னைத் தெரியாது. மதராஸ்காரி, எப்பப் பார்த்தாலும் கித்னான்னு கேக்கறவ. கைக்கு வந்ததை யாருக்கோ எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார். மெரூன் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அதை எனக்குக் குடு."

"இடுப்புல இருக்கு வஹினி. வெட்டியாச்சு. ரவிக்கைகூடத் தைக்க முடியாது."

"தைக்கவா கேக்குறேன்? அண்ணா!" என்று வாசலை நோக்கி அழைத்தார். "தைக்கத் தெரியுமே, பிரிக்கத் தெரியுமா?"

பிரிப்பதில் இரண்டு நாட்களாக நான் பெற்றிருந்த பயிற்சியைப் பற்றி அவருக்குத் தெரியாது. மஞ்சள் குங்குமம் ஆயிற்று, பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வஹினி உள்ளே போய், இன்னும் பெட்டியில் போகாத தன் புடவை ஒன்றை எடுத்துவந்து, செண்பகத்தின் இடுப்பைச் சுற்றி லுங்கி போலக் கட்டிவிட்டார். நான் நடையிலேயே அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மெரூனின் இரண்டு பக்கத் தையலையும் பிளேடால் பிரித்தேன். கீழ் விளிம்பு மட்டும் மடித்துத் தைத்தபடியே இருந்தது, அதைப் பிரிக்க வேண்டாம் என்று வஹினி சொல்லிவிட்டார். தேங்காயும் அரிசியும் வஹினி வீட்டிலேயே இருந்தன. செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, குனிந்து நின்ற வஹினியின் முந்தானையில் ஐந்து கை அரிசி இட்டு, தேங்காயை வைத்து, அதன் மேல் அந்தக் கோணல் துண்டை மடித்து வைத்தாள். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணை அனுப்பும்போது இங்கே அப்படித்தான் செய்வார்கள். அனுப்பிய இடம் புனே, போகிற இடம் தமிழ்நாடு, அனுப்பியவள் தமிழச்சி. யார் யாரை எங்கே அனுப்பினார்கள் என்று யோசிக்க எனக்குத் தலை சுற்றியது.

பாவாடையை மறுவாரம் ஐந்து பட்டையாகவே சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் குறுகிவிட்டது, நடக்கும்போது கம்பி உரசுகிறது என்றாள். ஆறாவதாக வேறொரு துணி சேர்த்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், இன்னும் ஒரு மாதத்தில் கம்பியை எடுத்துவிடுவார்கள் என்றாள். நாற்பதில் மிஞ்சிய முப்பத்து நான்கையும் சீட்டில்லாமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கட்டடத்தில் இனிமேல் யாரும் கேட்கப்போவதில்லை.

மார்ச்சில் வஹினி சென்னையிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பதினோராம் மாடிச் சமையலறை. அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை, பெரிய பிளாஸ்டிக் கேனில் வாங்கிக் கவிழ்த்து வைத்துப் பிடிக்கிறார்கள், தூசு படாமல் எல்லா வீட்டிலும் கேனுக்கு ஒரு உறை போடுகிறார்கள் என்று குரல் பதிவில் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுக்காரி நைட்டியோடு வந்து ஏதோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே சர்க்கரை கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டுதான் போனாள் என்றும் சொல்லியிருந்தார். செண்பகம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கேனின் தோளைச் சுற்றி மெரூன் துணி, கீழ் விளிம்பில் இடமும் வலமுமாக அலைகிற தையல்.

"உங்க தையல்தான்" என்றாள்.

வெளியே கொடியில் ஐந்து நிறப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நாங்கள் பேச ஆரம்பித்து இருபது வருடமாகிறது, எந்த ஊருக்கு என்பதில்தான் இழுபறி. எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப்போய்த் தமிழ்நாட்டில் நிரந்தரமாகக் குடியேறியது இதுவரை அந்த ஒரு முழத் துணி மட்டும்தான்.